பேலர் வாங்க உங்க பேர்ல லோன் போடலாமா? ஒரு வைக்கோல் ரோலின் முழுக் கணக்கு



வேலை சென்னையிலோ பெங்களூருவிலோ. ஊர்ல அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கம் ரெண்டு ஏக்கர் வயல். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு பிசான அறுவடை நேரத்துல ஊர்ல இருந்து ஒரு போன் வரும்.

"மச்சான், பேலர் மெஷின் ஒண்ணு போட்டா போதும். ஒரு நாளைக்கு 250 ரோல் கட்டலாம். ரோலுக்கு 40 ரூபா. தினம் பத்தாயிரம்! டிராக்டர் என்கிட்ட இருக்கு. உனக்குச் சம்பளச் சீட்டு இருக்கு, லோனை மட்டும் உன் பேர்ல போட்டுரு. இ.எம்.ஐ.யை மெஷினே கட்டிரும்."

இதுல பொய் எதுவும் இல்ல. நல்ல நாள்ல 250 ரோல் வரும், பத்தாயிரமும் வரும். ஆனா மூணு கேள்விக்கு இதுல பதில் இல்ல. வருஷத்துல அப்படி எத்தனை நாள் கிடைக்கும்? கட்டின ரோல் எத்தனை கிலோமீட்டர் போகணும்? லாபம்னு பேப்பர்ல வர்றதும் இ.எம்.ஐ. தேதியில அக்கவுன்ட்ல இருக்கிறதும் ஒண்ணுதானா?

வீடியோவில் வேகமா சொன்ன கணக்கை இங்க நிதானமா எழுதுறேன். ஒரு விஷயம் மட்டும் முதல்லயே சொல்லிடறேன். கீழே வர்ற விலை, கூலி, வாடகை எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள். ஊருக்கு ஊர், சீசனுக்கு சீசன் மாறும். உங்க ஊர் எண்ணைப் போட்டு இதே வரிசையில கணக்குப் பண்ணுங்க.

முதல்ல, வைக்கோல் எப்படி ரோல் ஆகுது?

முன்னாடி கையில அறுத்து, களத்துல அடிச்சு, வீட்டுக்குப் பின்னாடி படப்பு போடுவாங்க. இப்போ அறுவடை மெஷின் நெல்லை டேங்க்ல எடுத்துக்கிட்டு, வைக்கோலை வயல்லயே வரிசையா கொட்டிட்டுப் போயிடுது. அதை ஒண்ணு ரெண்டு நாள் வெயில்ல காய விட்டு, டிராக்டர் பின்னாடி மாட்டின பேலர் அள்ளிச் சுருட்டி, நூல் சுத்தி, ரோலா வெளியே தள்ளும்.

நம்ம பக்கம் அதிகமா ஓடுற சின்ன உருளை பேலர்ல ஒரு ரோல் சுமார் 3 அடி நீளம், 2 அடி விட்டம். எடை 20 கிலோன்னு வைப்போம். ஏக்கருக்கு 40 ரோல், அதாவது 800 கிலோ. அடித்தாள் வயல்லயே நின்னுடும், கொஞ்சம் டயர்ல மிதிபடும். அதனால விளைஞ்ச வைக்கோல் முழுசும் ரோலுக்குள்ள வராது.

இந்த 3 அடி, 2 அடி, 20 கிலோவை ஞாபகம் வச்சுக்கோங்க. லாரி கணக்குக்கு வரும்போது இதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணும்.

கேள்வி 1: வருஷத்துல எத்தனை நாள்?

தாமிரபரணிப் பாசனத்துல ரெண்டு பருவம். ஜூன்ல தண்ணி திறந்து செப்டம்பர், அக்டோபர்ல அறுக்கிற கார். அதுக்கப்புறம் நட்டு பிப்ரவரி, மார்ச்ல அறுக்கிற பிசானம்.

பேலருக்கு நிஜமான சீசன் பிசானம்தான். வெயில் இருக்கும், வயல் காஞ்சிருக்கும், டிராக்டர் உள்ள இறங்கும். கார் அறுவடை வடகிழக்குப் பருவமழையோட வாசல்ல வந்து நிக்கும். ஒரு மழை பெஞ்சா வைக்கோல் நனையும், டிராக்டர் புதையும். ஈரமா சுருட்டின ரோல் உள்ளுக்குள்ள சூடாகி, பூஞ்சணம் பிடிச்சு, மாடு மோந்து பார்த்துட்டு ஒதுக்கிடும். அணையில தண்ணி போதாம காருக்குத் திறக்காத, இல்ல எல்லாக் கால்வாய்க்கும் திறக்காத வருஷங்களும் உண்டு.

ஒரு சாதகமும் இருக்கு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன்ல ஆரம்பிச்சு கீழே மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எல்லாம் ஒரே வாரத்துல அறுக்க மாட்டாங்க. மேல இருந்து கீழ மெஷினை நகர்த்திக்கிட்டே போனா நாட்கள் கூடும். ஆனா அந்த நகர்த்தலுக்கும் டீசல் இருக்கு, வெளியூர்ல போட்டி மெஷினும் இருக்கு.

பிசானத்துல 25 நாள், கார்ல 15 நாள், மொத்தம் 40 நாள். எல்லாம் நல்லா நடந்தா இதுதான்னு நான் எடுத்துக்கறேன். மீதி 325 நாள் மெஷின் கொட்டகையில நிக்கும். இ.எம்.ஐ. நிக்காது.

மெஷின் கணக்கு

பேலர் விலை 4,00,000 ரூபாய். முழுசும் கடன், 12% வட்டி, 4 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 10,534 ரூபாய். டிராக்டர் மச்சானோடது.

ஓடினாலும் ஓடாட்டாலும் வருஷத்துக்கு வர்ற செலவு:

- தேய்மானம் (6 வருஷம் ஓட்டி 1,00,000-க்கு வித்தா): 50,000
- வட்டி (4 வருஷ சராசரி): 26,400
- சீசனுக்கு முன்னாடி செயின், பேரிங், பல் மாத்துற சர்வீஸ்: 20,000
- இன்சூரன்ஸ், கொட்டகை: 6,000
- மொத்தம்: 1,02,400

ஒவ்வொரு ரோலுக்கும் வர்ற செலவு (மணிக்கு 40 ரோல்):

- டீசல் (மணிக்கு 5 லிட்டர், லிட்டர் 93 ரூபாய்): 11.60
- நூல்: 3.50
- டிரைவர், உதவியாள் (நாளுக்கு 2,000): 8
- டிராக்டர் தேய்மானத்துக்கு மச்சானுக்கு: 4
- மொத்தம்: சுமார் 27

ரோலுக்கு 40 ரூபாய் வாங்குறீங்க. 27 போனா கையில நிக்கிறது 13. போன்ல கேட்ட அந்த "தினம் பத்தாயிரம்" நிஜத்துல தினம் 3,250. அதுல இருந்துதான் 1,02,400-ஐ முதல்ல எடுக்கணும்.

1,02,400-ஐ 13-ஆல வகுத்தா 7,877 ரோல். நாளுக்கு 250 வீதம் 32 நாள். கிடைக்கிற 40 நாள்ல 32 நாள் அசலுக்கே போயிடும். உங்களுக்கு மிஞ்சுறது கடைசி 8 நாள் மட்டும்தான்.

- 40 நாள் ஓடினா: லாபம் 27,600
- 32 நாள் ஓடினா: லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல
- 25 நாள் ஓடினா (காரை மழை எடுத்துக்கிச்சுன்னா): நஷ்டம் 21,150

2023 டிசம்பர் 17, 18-ஐ நெல்லை, தூத்துக்குடிக்காரங்க யாரும் மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 94 செ.மீ.க்கு மேல மழை. அந்த மாதிரி ஒரு வருஷம் பயிரே போனா அறுவடை எங்க, வைக்கோல் எங்க? கடன்காரனுக்கு அந்த வருஷமும் 12 மாசம்தான்.

லாபம் வந்தும் சம்பளத்துல ஏன் கை வைக்குது?

மேல இருக்கிற நல்ல வருஷத்தையே எடுத்துக்குவோம். 40 நாள், 10,000 ரோல், லாபம் 27,600. சந்தோஷம். இப்போ பணத்தை மட்டும் எண்ணுங்க.

- ரோல்ல கையில நின்னது: 1,30,000
- சர்வீஸ், இன்சூரன்ஸுக்குப் போனது: 26,000
- மீதி பணம்: 1,04,000
- 12 இ.எம்.ஐ.: 1,26,408
- துண்டு விழுறது: 22,408

லாபம் வந்த வருஷத்துலயே 22,408 ரூபாய் உங்க சம்பளத்துல இருந்து போகுது. எப்படி? மெஷினை 6 வருஷம் தேய்க்கிறோம், கடனை 4 வருஷத்துல அடைக்கிறோம். அந்த இடைவெளியை யாரோ தாங்கணும். "மெஷினே கட்டிரும்"னு சொன்னது இங்கதான் உடையுது. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட்னு அஞ்சு மாசம் வருமானம் பூஜ்ஜியம், இ.எம்.ஐ. மட்டும் 52,670. ஒரு தவணை தவறினாலும் சிபில்ல அடிபடுறது உங்க பேர்தான், மச்சான் பேர் இல்ல. நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது முன்னாடி வந்து நிக்கும்.

கேள்வி 2: எத்தனை கிலோமீட்டர்?

"சரி, கூலிக்குக் கட்ட வேண்டாம். நாமளே வைக்கோலை வாங்கி, கட்டி, கேரளாவுக்கு ஏத்திடலாம். அங்கதான் விலை"ன்னு அடுத்த யோசனை வரும். நம்ம பக்கத்து வைக்கோல் செங்கோட்டை, புளியரை வழியா மலை தாண்டி கேரளாவுக்குப் போறது உண்மைதான். அங்க பால் மாடு இருக்கு, நெல் வயல் குறைவு. தேவை இருக்கு.

இப்போ அந்த 3 அடி, 2 அடி, 20 கிலோவை எடுங்க.

10 அடி நீளம், 6 அடி அகலம் உள்ள ஒரு சின்ன லாரி. அகலத்துல 3 அடி ரோல் 2, நீளத்துல 2 அடி விட்டம் 5. ஒரு அடுக்குக்கு 10 ரோல். நாலு அடுக்கு போட்டா 8 அடி உயரம், 40 ரோல். எடை எவ்வளவு? 800 கிலோ. ரெண்டு டன் சுமக்கக்கூடிய வண்டி பாதிகூட நிறையல, ஆனா இடம் தீர்ந்துடுச்சு.

நெல்லு மூட்டை ஏத்தினா வண்டி எடையில நிறையும். வைக்கோல் ஏத்தினா இடத்துல நிறையும். நீங்க வாடகை கொடுக்கிறதுல பாதிக்கு மேல காத்துக்குத்தான். இதுதான் வைக்கோல் வியாபாரத்தோட அடிப்படை. பஞ்சாபுல வைக்கோலை எரிக்காம மின் நிலையத்துக்கு அனுப்பணும்னு பல வருஷமா முயற்சி நடக்குது. அங்கயும் பெரிய தலைவலி வயல்ல இருந்து சேகரிச்சு, கட்டி, கொண்டு சேர்க்கிற செலவுதான்.

ஒரு ரோல், வண்டி ஏறுற வரைக்கும்:

- வயல்காரருக்கு (ஏக்கருக்கு 1,000, 40 ரோல்): 25
- கட்டுக்கூலி: 40
- வயல்ல இருந்து ரோட்டுக்கு டிரெய்லர்: 6
- ஏத்துக்கூலி, இறக்குக்கூலி: 10
- மொத்தம்: 81

இதுக்கு மேல வண்டி வாடகை:

- சின்ன லாரி, உள்ளூர்ல 15 கி.மீ., வாடகை 1,200, 40 ரோல்: ரோலுக்கு 30. மொத்தம் 111
- அதே சின்ன லாரி, 90 கி.மீ. தூரம், போக வர 180 கி.மீ., கி.மீ.க்கு 25: ரோலுக்கு 112. மொத்தம் 193
- பெரிய லாரி, அதே 90 கி.மீ., கி.மீ.க்கு 40, 150 ரோல்: ரோலுக்கு 48. மொத்தம் 129

போக வரன்னு ஏன் போட்டேன்? வர்ற வழியில லோடு கிடைக்கலைன்னா காலி வண்டிக்கும் நீங்கதான் கொடுக்கணும். திரும்பும் லோடு உள்ள லாரி கிடைச்சா இந்த 48 நல்லா குறையும். வைக்கோல்ல அனுபவசாலி ஜெயிக்கிறது இந்த இடத்துலதான். மெஷின்ல இல்ல.

அந்த 129-ஐ இன்னொரு தரம் பாருங்க. வைக்கோலோட விலை 25. அதைக் கட்டி, தூக்கி, நகர்த்துறதுக்கு 104.

அங்க இறக்குற விலை 150-னு வைப்போம். ரோலுக்கு 21, லாரிக்கு 3,150 லாபம். இதுல 150-க்கு 15 ரோல் ஈரம்னு ஒதுக்கிட்டாங்கன்னா 2,250 போச்சு. மிச்சம் 900 ரூபாய். தரகருக்குக் கொடுத்தா அதுவும் இல்ல.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத ஓட்டை: ரோல் எடை. கட்டுக்கூலி ரோல் கணக்குல போனா, இறுக்கமா கட்டுறதுல ஓட்டுறவருக்கு லாபம் இல்ல. லூசா கட்டினா எண்ணிக்கை கூடும். 20 கிலோ ரோல் 16 கிலோவா மாறினா, 129 ரூபாய் ரோல் கிலோ கணக்குல 6.45-ல இருந்து 8.06-க்கு ஏறிடும். வாங்கும்போது பத்து ரோலை எடை போட்டுப் பாருங்க. பேச்சை ரோல்ல வைங்க, கணக்கைக் கிலோவுல வைங்க.

வண்டியில ஏத்தும்போது

இடம் தீர்ந்துடுச்சுன்னா என்ன பண்ணுவாங்க? பக்கவாட்டுல பிதுங்க விட்டு, மேல இன்னும் ரெண்டு அடுக்கு வைப்பாங்க. ரோட்டுல நாம பார்க்கிற அந்த நடமாடும் மலை அப்படித்தான் உருவாகுது. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தோட 194(1ஏ) பிரிவு, சுமை பக்கவாட்டுலயோ முன்னாடி பின்னாடியோ நீட்டிக்கிட்டு இருந்தாலும், அனுமதிச்ச உயரத்தைத் தாண்டினாலும் 20,000 ரூபாய் அபராதம்னு சொல்லுது. அதிகப்படி சுமையை இறக்குற செலவும் நம்மதே. ஆறு லாரியில சம்பாதிச்ச லாபம் ஒரே மடக்குல போயிடும்.

பணத்தை விடப் பெரிய ஆபத்து மேல தொங்குற மின்கம்பி. உயரமா ஏத்தின வைக்கோல் வண்டி கம்பியில உரசித் தீப்பிடிக்கிறது நம்ம ஊர்ல அடிக்கடி செய்தியில வர்றதுதான். வண்டி இன்சூரன்ஸ் உள்ள இருக்கிற சரக்குக்குப் பொருந்தாது, சரக்குக்குத் தனியா எடுக்கணும். விவசாயப் பயன்பாட்டுக்குன்னு பதிவான டிராக்டர் டிரெய்லர்ல வாடகைக்கு லோடு அடிச்சு விபத்தானா, க்ளெய்ம் பெரிய சிக்கலாகும். கேரளாவுக்குப் போற வண்டிக்கு அந்த மாநிலத்துக்கான பர்மிட் இருக்கான்னும் பாருங்க.

வச்சிருந்து வித்தா?

மார்ச்ல வைக்கோல் கொட்டிக் கிடக்கும், விலை குறைவு. மழைக் காலத்துல தட்டுப்பாடு, விலை கூடும். அதனால "ஸ்டாக் பண்ணலாமே"ன்னு தோணும். 1,000 ரோல் கணக்குப் போடுவோம்.

ஒரு ரோல் பிடிக்கிற இடம் 3 × 2 × 2 = 12 கன அடி. 1,000 ரோலுக்கு 12,000 கன அடி. 10 அடி உயரம் அடுக்கினா 1,200 சதுர அடி. சென்னையில அது ஒரு மூணு பெட்ரூம் ஃப்ளாட்!

வண்டியில ஏத்திக் கொட்டகை வாசலுக்கு வர்ற வரைக்கும் ரோலுக்கு 76 ரூபாய் போட்டிருக்கீங்க. ஆறு மாசம் 12% வட்டி 4.56. நனைஞ்சும் எலி கடிச்சும் 8% வீணானா 6. தார்ப்பாய், அடியில போடுற கட்டை, காவல் 4. ஆக ரோலுக்கு 15 ரூபாய். இடத்துக்கு வாடகை இல்லாம இருந்தா இவ்வளவு. விலை 15-க்கு மேல ஏறும்னு உறுதியா இருந்தா மட்டும் வைங்க. ஏறினாலும் தீ என்கிற ஒரு ரிஸ்க் ஆறு மாசமும் கூடவே இருக்கும்.

மானியம் வாங்கினா கதை மாறுமா?

மாறும், நல்லாவே மாறும். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத் திட்டத்துல, வேளாண்மைப் பொறியியல் துறை வழியா பொதுப் பிரிவுக்கு 40%, சிறு குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவருக்கு 50% வரை மானியம் உண்டு, ஒரு உச்சவரம்புக்குள்ள.

1,50,000 கிடைச்சதுன்னு வைங்க. கடன் 2,50,000. இ.எம்.ஐ. 6,583-க்கு இறங்கும். வருஷச் செலவு 67,500 ஆகும். அசலுக்கு வர 32 நாளுக்குப் பதிலா 21 நாள் போதும். இது தாங்கக்கூடிய எண். அதனால மானியம் உறுதியாகாம மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

ஆனா மானியம் விவசாயி பேர்ல, நிலப் பத்திரம், சிட்டா பார்த்துத்தான் வரும். உங்க வீட்டுல அது அப்பா பேர்ல இருக்கும், இல்ல மச்சான் பேர்ல இருக்கும். அப்போ மெஷின் அவங்க பேர்ல, கடன் உங்க பேர்ல. சொத்து ஒருத்தருக்கு, பொறுப்பு இன்னொருத்தருக்கு. நாளைக்கு மனஸ்தாபம் வந்தா மெஷின் அங்க ஓடும், இ.எம்.ஐ. இங்க ஓடும். மெஷின் உங்களோடது இல்லைன்னா அதோட தேய்மானத்தை உங்க வரிக் கணக்குல கேட்கவும் முடியாது.

ஆடிட்டரா நான் திரும்பத் திரும்பச் சொல்றது ஒண்ணுதான்: யார் பேர்ல மெஷினோ அவங்க பேர்லயே கடன். நீங்க உதவணும்னா ஒரு தொகையைக் கையிலேயே கொடுத்து, எழுத்துல வாங்கிக்கோங்க.

வரி: சம்பளக்காரர் கவனிக்க வேண்டிய அஞ்சு விஷயம்

1. சொந்த நிலத்துல விளைஞ்ச வைக்கோலை வித்தா அது விவசாய வருமானம், வரி இல்ல. ஆனா உங்க அடுக்கு வரி விகிதத்தை நிர்ணயிக்க அதைச் சேர்த்துக் காட்டணும். 5,000-க்கு மேல போனா ஐ.டி.ஆர்.-1 போட முடியாது. நிலம் அப்பா பேர்ல இருந்தா வருமானமும் அப்பாவோடதுதான்.

2. அடுத்தவங்க வைக்கோலை வாங்கி வித்தாலும், பேலரைக் கூலிக்கு ஓட்டினாலும் அது தொழில் வருமானம். "வைக்கோல்தானே, விவசாயம்தானே"ன்னு வரிவிலக்குல காட்டக் கூடாது. ஐ.டி.ஆர்.-3 அல்லது 4-க்கு மாறணும்.

3. தொழில் நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்க முடியாது. "நஷ்டம் வந்தா டாக்ஸாவது குறையுமே"ன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. அடுத்த வருஷங்கள்ல வர்ற தொழில் லாபத்துலதான் அதைக் கழிக்கலாம். பிசானத்துக்காக ஜனவரியில மெஷின் வாங்கினா, அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவாத்தான் உபயோகம். 15% தேய்மானத்துல பாதிதான் முதல் வருஷம் கிடைக்கும்.

4. 12 லட்சம் விளிம்புல இருக்கீங்களா? 2025-26 நிதியாண்டுல புதிய வரி முறையில சம்பளம் 12,75,000 வாங்குறவருக்கு வரி பூஜ்ஜியம். அதுல இந்த 27,600 லாபம் சேர்ந்தா விளிம்பு தாண்டும். விளிம்புச் சலுகை இருந்தும் தாண்டின 27,600 முழுசும் வரியா போகும், அதுக்கு மேல 4% செஸ். மொத்தம் 28,704. வயக்காட்டுல 40 நாள் ஓடி, அரசாங்கத்துக்கு 1,104 ரூபாய் கையில இருந்து போட்டுக் கட்டுறீங்க!

5. ஜி.எஸ்.டி. இங்க எளிது. வைக்கோலுக்கு வரி இல்ல, அதை ஏத்திட்டுப் போக இ-வே பில்லும் வேண்டாம். வைக்கோல் மட்டும் விக்கிறவங்க பதிவு பண்ணவும் வேண்டாம். பேலருக்கு இருந்த 12% வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5%. ஆனா விக்கிற பொருளுக்கு வரி இல்லாததால, மெஷின்ல கட்டின 5%-ஐ உள்ளீட்டு வரியா திரும்ப எடுக்க முடியாது. விலைப்பட்டியல் கேட்கும்போது வரி உட்பட்ட விலையைக் கேளுங்க.

கூடவே, உங்க ஆபர் லெட்டர்ல வெளித்தொழில் பத்தி என்ன எழுதியிருக்குன்னும் படிச்சுடுங்க.

அப்போ என்னதான் பண்ணலாம்?

பேலர் கெட்ட முதலீடுன்னு நான் சொல்லல. ஏற்கெனவே டிராக்டர் வச்சிருக்கிற, ஊர்லயே இருக்கிற, கால்வாய்க்கு கால்வாய் நாலு பேரைத் தெரிஞ்சு வச்சிருக்கிற ஆளுக்கு, மானியத்தோட வாங்கினா அது நல்ல மெஷின். ஆபீஸ்ல உக்காந்து போன்ல நடத்துறவருக்கு அது வருஷம் 40 நாள் மட்டும் திறக்கிற கடை.

ஆசை இருந்தா இந்த வரிசையில போங்க:

- முதல் சீசன்ல மெஷின் வாங்காதீங்க. வாடகை பேலர் வச்சு ஒரே ஒரு லாரி லோடு பண்ணுங்க. 150 ரோல், மேல போட்ட கணக்குப்படி 19,350 ரூபாய். முழுசும் போனாலும் ரெண்டு இ.எம்.ஐ.தான்.
- இறக்குற இடத்துல வாங்குற ஆளையும் விலையையும் முதல்ல உறுதி பண்ணுங்க. வைக்கோலை அப்புறம் தேடலாம்.
- பேலர் ஓட்டுற ரெண்டு மூணு பேர்கிட்ட "போன வருஷம் மொத்தம் எத்தனை நாள் ஓடுச்சு?"ன்னு மட்டும் கேளுங்க. ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு கேட்காதீங்க.
- உங்க ஊர்ல ஏற்கெனவே எத்தனை பேலர் இருக்குன்னு எண்ணுங்க. நாலாவது மெஷின் வந்தா 40 ரூபாய் கூலி 35 ஆகும். அப்போ கையில நிக்கிறது 13 இல்ல, 8. அசலுக்கு வர 12,800 ரோல், 51 நாள். உங்ககிட்ட இருக்கிறதோ 40.
- எல்லாம் சரியா வந்து வாங்கினாலும், ஆறு மாச இ.எம்.ஐ. 63,204 ரூபாயைத் தனியா ஒதுக்கி வச்சுட்டு வாங்குங்க. உங்க அவசரகால நிதியை இதுக்குத் தொடாதீங்க.

சொந்த வயல் ரெண்டு ஏக்கர் மட்டும் இருக்கிறவங்களுக்கு இன்னும் சின்ன கணக்கு. வயல்லயே ஏக்கர் 1,000-க்குக் கொடுத்தா 2,000. நீங்களே 40 ரூபாய் கொடுத்துக் கட்டி, 6 ரூபாய் கொடுத்து ரோட்டுக்குக் கொண்டு வந்து, 85-க்கு வித்தா ரோலுக்கு 39, ரெண்டு ஏக்கருக்கு 3,120. கூடுதல் 1,120 ரூபாய். ஊர்ல இருக்கிற அப்பாவுக்கு அது லாபம். அதுக்காக நீங்க லீவ் போட்டு பஸ் ஏறினா நஷ்டம்.

எந்தத் தொழிலா இருந்தாலும் யாராவது "ஒரு நாளைக்கு இவ்வளவு"ன்னு ஆரம்பிச்சா, "வருஷத்துல எத்தனை நாள்?"னு கேளுங்க. "அங்க நல்ல விலை"ன்னு சொன்னா, "அங்க கொண்டு சேர்க்க எவ்வளவு?"ன்னு கேளுங்க. இந்த ரெண்டு கேள்விக்கும் எண்ல பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்க, வீட்டுலயும் காட்டுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்.